கப்பல் ரத்து, கையில் வவுச்சர்

வெள்ளிக்கிழமை பின்னேரம். காரின் பின்பக்கத்தில் பலகாரப் பெட்டிகள், சேலைப் பைகள், பிள்ளைகளின் உடுப்புகள். மறுநாள் பாரிஸில் பெறாமகளின் சாமத்தியவீடு. எம்20 நெடுஞ்சாலையில் டோவரை நெருங்கும்போது கைபேசி கிணுங்குகிறது. உங்கள் கப்பல் ரத்தாகிவிட்டது, வருந்துகிறோம், கட்டிய தொகை முழுவதற்கும் வவுச்சர் தருகிறோம், ஏற்றுக்கொள்ள இங்கே அழுத்தவும். "இஞ்சாருங்கோ, கப்பல் இல்லையாம். ஆனா காசு போகேல்லை, வவுச்சர் தாறாங்களாம்" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்கிறார். சொல்லிக்கொண்டே அழுத்தியும் விடுகிறார்.

அந்த அழுத்தலோடு அந்தக் குடும்பம் இரண்டு உரிமைகளைக் கைவிட்டது. ஒன்று, ஏழு நாளில் காசைக் காசாகவே திரும்பப் பெறுவது. மற்றது, மேலதிகச் செலவில்லாமல் வேறொரு கப்பலில் கூடிய விரைவில் அக்கரை போய்ச் சேர்வது. சாமத்தியவீட்டுக்குப் போகிறவர்களுக்கு இரண்டாவதுதான் முக்கியம். வவுச்சரில் ஏறி யாரும் கடல் தாண்ட முடியாது.

பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே ஓடும் கப்பல்களில் பயணிகளின் உரிமையைச் சொல்வது ஐரோப்பிய ஒன்றியத்தின் 1177/2010 என்ற சட்டவிதி. 2012 டிசம்பர் 18 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒன்றியத்தை விட்டுப் போனபோது பிரிட்டன் இதைக் கழித்துவிடாமல் தன் சட்டமாகவே வைத்துக்கொண்டது. ஆகவே டோவரில் ஏறினாலும் கலேயில் ஏறினாலும் அடிப்படை ஒன்றுதான். ஃபோக்ஸ்டனில் காரை ரயிலில் ஏற்றிச் சுரங்கத்தால் போகிறவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அது ரயில் பயணம், அதற்கு விதி வேறு.

இந்தச் சட்டவிதியின் 18ஆம் பிரிவைத்தான் பயணிகள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கப்பல் ரத்தானாலோ, புறப்படுவது 90 நிமிடத்துக்கு மேல் பிந்தினாலோ, கம்பனி பயணியிடம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டும். முதலாவது, ஒத்த வசதியோடு, கூடிய விரைவில், மேலதிகக் கட்டணம் இல்லாமல் போக வேண்டிய இடத்துக்கு வேறு வழியில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. இரண்டாவது, டிக்கட் காசைத் திருப்பிக் கொடுப்பது. திருப்பிக் கொடுப்பதென்றால் ஏழு நாளுக்குள், பணமாகவோ வங்கி வழியாகவோ காசோலையாகவோ, வாங்கிய விலை முழுவதும். பாதி வழியில் அகப்பட்டு, இனிப் போயும் பயனில்லை என்றாகிவிட்டால், ஏற்கெனவே போன பகுதிக்கும் சேர்த்துத் தர வேண்டும்.

வவுச்சர் இதில் எங்கே வருகிறது? அந்தப் பிரிவின் கடைசியில், ஒரு விதிவிலக்காக வருகிறது. பயணி சம்மதித்தால் மட்டும் அதே பெறுமதிக்கு வவுச்சர் கொடுக்கலாம். அப்போதும் அதன் நிபந்தனைகள் இறுக்கமாக இருக்கக்கூடாது. செல்லுபடியாகும் காலத்திலும் போகும் இடத்திலும் பயணிக்குத் தாராளம் இருக்க வேண்டும். சட்டத்தில் வரிசை காசு முதலில், வவுச்சர் பிறகு. கைபேசிச் செய்தியில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. வவுச்சருக்குப் பெரிய பச்சைப் பொத்தான். காசுக்கு, கீழே சாம்பல் நிறத்தில் ஒரு சிறு வரி. சில வேளை அந்த வரியும் இருக்காது, தொலைபேசி இலக்கம் மட்டும் இருக்கும். அழுத்துவதுதான் சம்மதம். சம்மதம் வந்துவிட்டால் கம்பனியின் கடமை முடிந்தது.

இனி, ரத்துச் செய்தது யார் என்ற கேள்வி. மேலே சொன்னதெல்லாம் கம்பனி ரத்துச் செய்தால், அல்லது பிந்தினால் மட்டுமே. பிள்ளைக்குக் காய்ச்சல், வேலையிடத்தில் லீவு கிடைக்கவில்லை, விசா வரவில்லை என்று நீங்களே பயணத்தை விட்டால், டிக்கட்டின் வகை என்ன சொல்கிறதோ அதுதான். மலிவு டிக்கட்டுக்கு ஒன்றும் திரும்பி வராது. நடுத்தர டிக்கட்டுக்கு ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு வவுச்சர் தருவார்கள். அதில் குறை சொல்ல எதுவுமில்லை, மலிவாக வாங்கியதற்கான விலை அது.

ஆனால் ஒரு நுணுக்கம் இருக்கிறது. புயல் வரப்போகிறது, வேலைநிறுத்தம் வரப்போகிறது என்று தெரிந்ததும் கம்பனிகள் முன்கூட்டியே ஒரு மின்னஞ்சல் அனுப்பும்: "விரும்பினால் உங்கள் பயணத் திகதியைக் கட்டணமின்றி மாற்றலாம், அல்லது வவுச்சராக மாற்றிக்கொள்ளலாம்." கப்பல் இன்னும் ரத்தாகவில்லை. அவசரப்பட்டு வவுச்சர் எடுத்தால் பயணத்தை விட்டவர் நீங்கள் ஆகிறீர்கள். அடுத்த நாள் கம்பனியே ரத்துச் செய்தால், பொறுத்திருந்த பக்கத்து வீட்டுக்காரருக்குக் காசு, உங்களுக்கு வவுச்சர். பயணம் போகத்தான் வேண்டுமென்றால் திகதியை மாற்றுங்கள். போகாமல் விடலாமென்றால் ரத்தாகும்வரை பொறுங்கள்.

"காற்று மழைக்குக் கம்பனி என்ன செய்யும், அதுக்கெல்லாம் காசு கிடையாது" என்பது நம்மிடையே உறுதியாக வேரூன்றிய நம்பிக்கை. கவுண்டரில் நிற்கும் ஊழியர்கள் சிலரும் அப்படித்தான் சொல்வார்கள். அது பாதிதான் சரி. கடல் கொந்தளித்து கப்பல் பாதுகாப்பாக ஓட முடியாவிட்டால், கம்பனி ஹோட்டல் அறை தரத் தேவையில்லை. பிந்தியதற்கான நட்டஈடும் இல்லை. ஆனால் டிக்கட் காசைத் திருப்பிக் கொடுப்பதிலிருந்தோ மாற்றுக் கப்பல் கொடுப்பதிலிருந்தோ காலநிலை அவர்களை விடுவிப்பதில்லை. பயணம் நடக்கவில்லை, ஆகவே காசு உங்களுடையது. காத்திருக்கும் நேரத்துக்கேற்ற சாப்பாடும் குடிபானமும்கூட, அங்கே கிடைக்கக்கூடியதாக இருந்தால், புயலிலும் தர வேண்டும். காலநிலை காரணமல்லாத ரத்தில் இரவு தங்க நேர்ந்தால், ஒன்றிய விதிப்படி ஆளுக்கு இரவுக்கு 80 யூரோ வரை, அதிகபட்சம் மூன்று இரவு தங்குமிடச் செலவு கம்பனியின் பொறுப்பு.

"டிக்கட் காசு" என்றால் எது எதுவெல்லாம் சேரும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம்வரை போய் வாதாடிய ஒரு வழக்கு இருக்கிறது. ஐரிஷ் ஃபெரீஸ் கம்பனி 2018 கோடைக்கு டப்ளினிலிருந்து பிரான்சின் ஷெர்பூருக்குப் புதுக் கப்பல் விடுவதாக டிக்கட் விற்றது. கப்பலுக்குக் கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸின் பெயர். ஜெர்மனியின் ஃபிளென்ஸ்பூர்க் கட்டுமானத் தளத்தில் வேலை இழுபட்டு, கோடைக்கு வரவேண்டிய கவிஞர் டிசம்பரில் வந்து சேர்ந்தார். பருவம் முழுவதும் பயணங்கள் ரத்து. பல வாரம் முன்னரே அறிவித்துவிட்டோமே, கட்டுமானத் தளம் பிந்தினால் நாங்கள் என்ன செய்வது என்றது கம்பனி. அயர்லாந்தின் தேசியப் போக்குவரத்து ஆணையம் ஒப்புக்கொள்ளவில்லை. வழக்கு லக்சம்பர்க்கில் உள்ள அந்த நீதிமன்றத்துக்குப் போய், 2021 செப்டம்பர் 2இல் தீர்ப்பு வந்தது.

பயணிக்கு அதில் பயனுள்ள செய்திகள் நிறைய. பல வாரம் முன்னதாகச் சொன்னாலும் கடமை குறைவதில்லை. புதுக் கப்பல் பிந்தி வருவது யாராலும் தவிர்க்க முடியாத அசாதாரண நிகழ்வு ஆகாது. அதே பாதையில் வேறு கப்பல் இல்லாவிட்டால் வேறு துறைமுகங்கள் வழியாக அனுப்ப வேண்டும்; அதனால் கூடும் பெற்றோல் செலவும் வீதிக் கட்டணமும் கம்பனியைச் சேர்ந்தவை. டிக்கட் விலை என்றால் வெறும் இருக்கைக்கும் காருக்குமான விலை மட்டுமல்ல, அதோடு சேர்த்து வாங்கிய அறை, நாய்க்கூண்டு, சொகுசு ஓய்வறை எல்லாம் அதில் அடங்கும். பிரிட்டன் வெளியேறிய பிறகு வந்த தீர்ப்பென்பதால் லண்டன் நீதிமன்றங்களை இது கட்டுப்படுத்தாது. விரும்பினால் கவனத்தில் எடுக்கலாம். என்றாலும் கம்பனிக்கு எழுதும் கடிதத்தில் இந்த வழக்கைக் குறிப்பிடுங்கள். நீங்கள் விதியைப் படித்திருக்கிறீர்கள் என்று தெரிந்ததும் பதிலின் தொனி மாறும்.

மாற்று வழி என்பது போட்டிக் கம்பனியின் கப்பலாகவும் இருக்கலாம். 2022 மார்ச் 17 அன்று பி அண்ட் ஓ ஃபெரீஸ் ஏறக்குறைய 800 மாலுமிகளை ஒரே நாளில் வேலையிலிருந்து நீக்கி, கப்பல்களைக் கரையில் கட்டியது. டோவர், கலே பயணிகளை டிஎஃப்டிஎஸ் கம்பனியின் கவுண்டருக்குப் போகச் சொன்னார்கள். அன்றைக்குக் காசைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கடைசி நேர விலைக்குப் புது டிக்கட் வாங்கியவர்கள் கைக்காசை இழந்தார்கள். கட்டாயம் போயே ஆக வேண்டிய பயணமென்றால் வாய் திறந்து முதலில் கேட்க வேண்டியது, "எங்களை எந்தக் கப்பலில் ஏற்றுகிறீர்கள்?" என்பது.

வவுச்சர்கள் குவிந்த காலம் கொரோனா. 2020 மார்ச்சில் எல்லைகள் மூடப்பட, கம்பனிகளிடம் திருப்பிக் கொடுக்கக் காசில்லை. கோடைக்கென்று வாங்கிய பணம் செலவாகிவிட்டது, புதுப் பணமும் வரவில்லை. இத்தாலியும் கிரேக்கமும் காசுக்குப் பதில் வவுச்சரே போதும் என்று தங்கள் நாட்டில் சட்டமே போட்டன. ஐரோப்பிய ஆணையம் அசையவில்லை. சட்டவிதி மாறவில்லை, தெரிவு பயணியுடையது என்று மார்ச்சிலேயே சொல்லி, ஜூலையில் இரண்டு அரசுகளுக்கும் நடவடிக்கைக் கடிதம் அனுப்பியது. நடுவில், 2020 மே 13இல், நல்ல வவுச்சர் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு பரிந்துரையும் வெளியிட்டது. குறைந்தது 12 மாதம் செல்ல வேண்டும். பாவிக்காமல் காலாவதியானால் 14 நாளுக்குள் தானாகவே காசாகத் திரும்ப வேண்டும். கட்டணமில்லாமல் இன்னொருவர் பெயருக்கு மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். கம்பனி முறிந்தாலும் பாதுகாப்பு வேண்டும். இது கட்டாயமல்ல, பரிந்துரைதான். ஆனால் உங்களுக்கு வரும் வவுச்சரைத் தரம் பார்க்க இதைவிட நல்ல உரைகல் எனக்குத் தெரியவில்லை.

வவுச்சரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆண்டுக்கு இரண்டு தரம் பாரிஸின் லாச்சப்பலுக்குப் புடைவையும் நகையும் வாங்கப் போகிற குடும்பம் அதே கம்பனியில் எப்படியும் ஏறத்தான் போகிறது. அதோடு, கட்டிய தொகைக்கு மேல் பத்தோ இருபதோ வீதம் கூட்டித் தருகிறார்கள் என்றால் வாங்கலாம். அதே பெறுமதிக்கு மட்டுமென்றால் நான் வாங்கமாட்டேன். காசு எந்தக் கடையிலும் செல்லும். வவுச்சர் ஒரு கடையில்தான்.

வாங்குவதென்றால் சிறிய எழுத்தைப் படிக்காமல் வாங்காதீர்கள். முதலில் திகதி. "12 மாதம் செல்லும்" என்பதற்கு இரண்டு பொருள் உண்டு: 12 மாதத்துக்குள் பதிவு செய்தால் போதும் என்பது ஒன்று, 12 மாதத்துக்குள் போய்த் திரும்பிவிட வேண்டும் என்பது மற்றது. ஆகஸ்டில் ரத்தான பயணத்துக்கு இரண்டாவது வகை வவுச்சர் கிடைத்தால், அடுத்த கோடை விடுமுறை முழுவதும் கைக்குள் வராமல் போகலாம். அடுத்தது மிச்சம். 240 பவுண் வவுச்சரால் 180 பவுண் டிக்கட் எடுத்தால் மிச்ச 60 எங்கே போகும்? சில இடங்களில் புது வவுச்சராக வரும், சில இடங்களில் காற்றோடு போகும். பிறகு, யார் பெயர். பதிவு செய்தவர் மட்டும்தான் பாவிக்கலாமா, மகனின் கார் போகும்போது அவனுக்கும் கொடுக்கலாமா? இணையத்தில் பதிவு செய்யும்போது வவுச்சர் எண் போட இடமிருக்கிறதா, அல்லது தொலைபேசியில்தான் முடியுமா என்பதும் கேள்விதான். தொலைபேசியில் சொல்லும் விலை இணைய விலையைவிடக் கூடுதலாக இருந்தால், அங்கேயே கொஞ்சம் தேய்ந்துவிடும்.

இதில் மிகவும் சிக்கலானது, வவுச்சரில் எடுத்த புது டிக்கட்டும் ரத்தாவது. கம்பனி திரும்பவும் வவுச்சரைத்தான் நீட்டும், அதுவும் பழைய காலாவதித் திகதியோடு. புதுப் பயணத்தைக் கம்பனி ரத்துச் செய்தால் 18ஆம் பிரிவு மறுபடி முதலிலிருந்து வேலை செய்கிறது, முன்பு கொடுத்த சம்மதம் பழைய பயணத்துக்கு மட்டும்தான் என்று எழுதுங்கள். பாதி வவுச்சரும் பாதிக் கடனட்டையுமாகக் கட்டியிருந்தால், அட்டைப் பங்கை முதலில் அட்டைக்குத் திருப்பச் சொல்லுங்கள்.

வவுச்சரின் பெரிய பலவீனம், அது ஒரு கடன் சீட்டு என்பது. கம்பனி இருக்கும்வரைதான் அதற்கு உயிர். கலேக்கும் டோவருக்கும் இடையே ஓடிய சீஃப்ரான்ஸ் கம்பனியை 2012 ஜனவரி 9இல் பாரிஸ் நீதிமன்றம் கலைக்க உத்தரவிட்டது. இப்படி ஒரு கம்பனி மூடும்போது வங்கிகள், அரசு, ஊழியர்கள் எல்லாருக்கும் பின்னால்தான் வவுச்சர் வைத்திருப்பவரின் வரிசை. அந்த வரிசையில் நின்று ஏதும் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

அட்டையில் கட்டியவர்களுக்கு இன்னொரு வாசல் இருக்கிறது. பிரிட்டனில் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி, 100 பவுணுக்கு மேல் 30,000 பவுண் வரை விலையுள்ள ஒன்றைக் கடனட்டையில் வாங்கியிருந்தால், விற்றவர் தராததை வங்கியிடம் கேட்கலாம். டெபிட் அட்டையென்றால் அட்டைக் கம்பனிகளின் விதிப்படி கட்டணத்தைத் திருப்பி இழுக்கச் சொல்லலாம். அதற்குக் கெடு பெரும்பாலும் 120 நாள். இரண்டிலும் வங்கி கேட்கும் முதல் கேள்வி, "நீங்கள் வவுச்சரை ஏற்றுக்கொண்டீர்களா?" ஆமென்றால் கதவு பாதி மூடிவிட்டது. கம்பனியில் நேரே வாங்காமல் இணைய முகவரிடம் வாங்கியிருந்தால் 75ஆம் பிரிவு பொருந்துமா என்பதிலும் இழுபறி வரும். முகவர் "கம்பனியைக் கேளுங்கள்" என்பார், கம்பனி "முகவரைக் கேளுங்கள்" என்னும். பயணத்தை நடத்தும் கம்பனிக்கே கடமை. இருவருக்கும் ஒரே மின்னஞ்சலில் எழுதிவிட்டால் பந்து விளையாட்டு குறையும். கப்பலும் ஹோட்டலும் சேர்ந்த பொதியாக வாங்கியிருந்தால் மட்டும் கணக்கு வேறு: பொதியை விற்றவரே பொறுப்பு, அவர் அதை ரத்துச் செய்தால் 14 நாளில் முழுக் காசும் தர வேண்டும்.

பயணம் ரத்தாகாமல் பிந்திப் போய்ச் சேர்ந்தாலும் ஒரு தொகை வரும், அதிலும் வவுச்சர் தலைகாட்டும். நாலு மணி நேரத்துக்கு உட்பட்ட பயணம் ஒரு மணி பிந்தினால் டிக்கட் விலையில் 25 வீதம், இரண்டு மணிக்கு மேல் பிந்தினால் 50 வீதம். டோவர், கலே எல்லாம் இந்த வகை. நியூகாசிலிலிருந்து ஆம்ஸ்டர்டாம் பக்கம் போகும் இரவுக் கப்பலுக்கு மூன்று மணி, ஆறு மணி என்று கணக்கு. போய்வர எடுத்த டிக்கட்டில் ஒரு வழி பிந்தினால் பாதி விலையில்தான் வீதம் பார்ப்பார்கள். இந்த நட்டஈட்டைக் கம்பனி வவுச்சராகத் தர முடியும். ஆனால் காசாகத் தா என்று கேட்டால் காசாகத் தந்தாக வேண்டும். கேட்காதவருக்கு வவுச்சர்தான். காலநிலையும் அசாதாரண நிகழ்வுகளும் இதற்கு விலக்கு. ரத்தான பயணத்துக்குக் காசைத் திரும்ப வாங்கியவருக்கும் இது கிடையாது. அதையும் யேட்ஸ் வழக்கிலேயே சொல்லிவிட்டார்கள்.

கேட்பது எப்படி? தொலைபேசியில் கேட்டதற்குச் சாட்சி இல்லை, எழுத்தில் கேளுங்கள். பதிவு இலக்கம், திகதி, கப்பல் நேரம், ரத்துச் செய்தியின் படம், கட்டிய தொகை. பிறகு மூன்று வசனம்: பயணத்தை ரத்துச் செய்தது நீங்கள், 18ஆம் பிரிவுப்படி ஏழு நாளில் காசாகத் திருப்பித் தாருங்கள், வவுச்சருக்கு நான் சம்மதிக்கவில்லை. அவ்வளவு போதும். மனக்கஷ்டத்தையும் சாமத்தியவீட்டையும் விவரிக்கத் தேவையில்லை. பயண நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும். கம்பனி ஒரு மாதத்துக்குள் நிலையைச் சொல்லி, இரண்டு மாதத்துக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். அப்போதும் மசியாவிட்டால், கம்பனி அப்தா (ABTA) என்ற பயண முகவர் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் அங்கே போகலாம். இங்கிலாந்தில் 10,000 பவுண் வரையான வழக்குகளைச் சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே போடலாம். வழக்குப் போடப் போகிறேன் என்ற கடிதத்தோடேயே பல கம்பனிகள் இறங்கி வந்துவிடும்.

ஏற்கெனவே பொத்தானை அழுத்தியவர்கள்? ரத்துச் செய்தியை மறுபடி திறந்து பாருங்கள். காசும் கேட்கலாம் என்று அதில் எங்கேயாவது எழுதியிருந்ததா? எழுதவில்லையென்றால், தெரிவு காட்டாமல் வாங்கிய சம்மதம் சம்மதமாகாது என்று வாதாட இடமிருக்கிறது. தானாகவே கணக்கில் வந்து விழுந்த வவுச்சர் என்றால் வாதம் இன்னும் பலமானது. அதைப் பாவிக்காமல் வைத்துக்கொண்டே எழுதுங்கள்; ஒரு பவுண் எடுத்துச் செலவழித்தாலும் ஏற்றுக்கொண்டதாகிவிடும். பதில் வராமல் காலாவதித் திகதி நெருங்கினால், முடிவதற்கு முன் நீட்டிப்புக் கேளுங்கள். திகதிக்கு முன் கேட்பவருக்குப் பெரும்பாலும் கொடுக்கிறார்கள். அடுத்த நாள் கேட்பவருக்கு, முறைமையில் அந்த எண்ணே இல்லை என்ற பதில்தான் வருகிறது.